பம்பாய்க்கு ஒரு வெள்ளைப் பூ

மதுரை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் போர்டு முன்னால் உட்கார்ந்து, இரைச்சல் லைனில் நாள் முழுக்கக் கத்திச் சம்பளம் வாங்குகிறவள் முத்துத்தாய். அதனாலோ என்னவோ, வீட்டில் கோபம் வந்தால் கத்தமாட்டாள். அவளுக்குப் பதிலாகப் பாத்திரங்கள் கத்தும். 1985ஆம் வருஷம் ஐப்பசி பூராவும் அந்தச் செல்லூர் வீட்டில் கும்பாவும் சட்டியும் பட்ட பாட்டைப் பார்த்துப் பக்கத்து வீட்டுத் தறிக்காரர்களே விசாரித்துவிட்டார்கள்.

காரணம் எல்டிசி. மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் நாலு வருஷத்துக்கு ஒரு தடவை இந்தியாவின் எந்த மூலைக்கும் குடும்பத்தோடு போய்வரலாம், ரயில் டிக்கெட்டு ஆபீஸ் பொறுப்பு. போன நாலு வருஷத்துச் சலுகை, எங்கே போவது என்று குடும்பமே கூடிப் பேசிப் பேசியே செத்துப்போனது. திருச்செந்தூர் தாண்டாத ஆட்களுக்கு டில்லியா, காஷ்மீரா என்று அம்புட்டு வாக்குவாதம். கடைசியில் ஒரு பயலும் உசிலம்பட்டியைக்கூடத் தாண்டவில்லை. இந்தத் தடவை அப்படி விடுவதில்லை என்று முத்துத்தாய் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் மனதில் ஒரே ஊர்தான். பம்பாய்.

டிரங்க் போர்டில் யாருக்கும் பேர் கிடையாது. ஊர்தான் பேர். ஜவுளிக் கடைக்காரர் பம்பாய்க்கு கால் புக் பண்ணினால் இவள் லைனில் "பம்பாய்?" என்பாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் "மதுரை, சொல்லுமா" என்னும். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி அமீருன்னிசா. அப்பா காலத்தில் மேலப்பாளையத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு தாராவிக்குப் போன குடும்பம். பாதித் தமிழ், பாதி ஹிந்தி. பன்னிரண்டு வருஷமாக டிரங்க் கால் வராத இடுக்குகளில், சூப்பர்வைசர் திரும்பிப் பார்ப்பதற்குள், இரண்டு மூன்று நிமிஷமாகச் சேர்த்துச் சேர்த்து இருவரும் ஒரு பெரிய சிநேகிதத்தையே கட்டிவிட்டார்கள். சின்னவள் ஜெயக்கொடி வயிற்றில் இருந்தபோது முத்துத்தாய்க்குப் போர்டிலேயே வலி கண்டது. வலியில் பேச்சு எழும்பவில்லை, பக்கத்து நாற்காலியும் காலி. ஹெட்செட்டில் முனகலைக் கேட்டு, வேறொரு லைனில் மதுரை சூப்பர்வைசரைப் பிடித்து, "உங்க பொண்ணு அங்க துடிக்குது, என்னய்யா பண்றீங்க?" என்று பம்பாயிலிருந்து ஏசியவள் அந்த அமீருன்னிசாதான். ஜெயக்கொடி இன்றைக்கு உயிரோடு ஓடி விளையாடுகிறாள் என்றால் அது அவள் புண்ணியம்.

அந்த மகராசி வருகிற ஜனவரிக் கடைசியில் ரிட்டயர் ஆகிறாள். வீட்டில் போன் கிடையாது. மகனோடு போய்விடுவாளாம், எந்த ஊருக்கு என்று அவளுக்கே தெரியாதாம். அதற்குள் ஒரு தடவை அந்த முகத்தைப் பார்த்துவிட வேண்டும். முத்துத்தாய் வாழ்க்கையில் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு பம்பாய் என்று சொல்லவில்லை. எல்லோருக்கும் ஒத்துவருமா என்று யோசித்துத்தான் சொன்னாள். மாமனார் நல்லகாமனுக்கு எழுபத்திரண்டு வயது, முழங்கால் மடங்காது. பம்பாயில் படிக்கட்டு ஏறவேண்டிய கோயில்குளம் எதுவும் கட்டாயமில்லை. மூத்தவள் பாண்டியம்மாளுக்குப் பதினாலு வயது, கப்பலும் மாடி பஸ்ஸும் பார்க்கவேண்டுமாம். ஜெயக்கொடிக்கு ஆறு வயது, இளைப்புக்காரப் பிள்ளை. குளிர் பட்டால் நெஞ்சு விசில் அடிக்கும், கடல் காத்து ஒன்றும் செய்யாது.

கட்டினவன் வெள்ளைத்துரை சம்மதிக்கவில்லை. செல்லூரில் நாலு பவர்லூம் போட்டு ஓட்டுகிறவன். தறி நாலு, மிதப்பு நாற்பது. அப்பனைக் காசிக்குக் கூட்டிப்போன மகன் என்று ஊர் சொல்ல வேண்டும், அதுதான் அவனுக்கு ஆசை. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற ஆசை. மார்கழிக் குளிரில் இளைப்புக்காரப் பிள்ளையைக் கங்கைக் கரையில் கொண்டுபோய் நிறுத்துவதா என்று அவள் கேட்டதற்கு, கம்பளி வாங்கிக்கொள்ளலாம் என்றான். அமீருன்னிசாவைப் பற்றிச் சொன்னதற்குத் தறிக்கூடமே அதிரச் சிரித்தான்.

"மூஞ்சி தெரியாத பொம்பளையப் பாக்க குடும்பத்தையே ரயிலேத்தப் போறாளாம்ல" என்று நூல் சுற்றுகிறவர்களிடம் சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவள் காதில் பத்து நாள் கிடந்து எரிந்தது.

கடைசியில் அவனே ஒரு வழி சொன்னான். சாமியிடமே கேட்டுவிடுவோம், குலதெய்வக் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்போம் என்றான். அந்தப் பக்கத்துச் சனங்களுக்கு நிலம் வாங்குவதா, சம்பந்தம் பேசுவதா, எதுவானாலும் அதுதான் தீர்ப்பு. ஒரு இலையில் செவ்வரளி, ஒரு இலையில் நந்தியாவட்டை; ஒன்றுபோல மடித்து வாழைநாரால் கட்டி, சாமி காலடியில் போட்டு, ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்வார்கள். பிரித்துப் பார்த்தால் சாமி மனசு தெரிந்துவிடும். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, கிணற்றில் போட்டுவிட வேண்டும். சிவப்பு காசி, வெள்ளை பம்பாய் என்று பேச்சு. முத்துத்தாய் சம்மதித்தாள். சாமிக்கு வஞ்சகம் தெரியாது என்று நம்பினாள், பாவி மகள்.

கார்த்திகை முதல் வெள்ளிக்கிழமை உசிலம்பட்டிக்கு மேற்கே, கரிசல் காட்டுக்குள் இருக்கிற கோயிலுக்குப் போனார்கள். பங்காளிகள் இருபது பேர் கூடிவிட்டார்கள். பூசாரி முத்திருளன் இரண்டு பொட்டலத்தையும் எல்லோர் கண்முன்னால் கட்டித் தட்டில் வைத்தார். தட்டை வெள்ளைத்துரையிடம் கொடுத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தார். சூடம் காட்டினார். ஜெயக்கொடி பயந்து பயந்து போய் ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள்.

பூசாரி பிரித்தார். பிரிபடவில்லை. காய்ந்த வாழைநார் என்றால் நகம் பட்டாலே அறுந்துவிடும். இது இழுக்க இழுக்க இறுகியது. மனுஷனுக்குக் கண் வேறு மங்கல். வாயில் வைத்துக் கடித்துத்தான் அறுத்தார். உள்ளே செவ்வரளி. பெண்கள் குலவை போட்டார்கள். வெள்ளைத்துரை அப்பனைப் பார்த்துக் கும்பிட்டான். காசி என்று முடிவாகிவிட்டது.

முத்துத்தாய்க்குக் கண்ணில் நீர் முட்டியது. அதைத் துடைக்கத் தலையைக் குனிந்தபோதுதான் பூசாரி காலடியில் கிடந்த அறுந்த நாரைப் பார்த்தாள். அது நார் இல்லை. நூல். அறுபதாம் நம்பர் பாவு நூல், செல்லூர்ச் சரக்கு. அதில் இருந்த முடிச்சையும் பார்த்தாள். தறியில் இழை அறுந்தால் விரல் தன்னால் போடுமே, அந்தக் குட்டி முடிச்சு. அந்த இருபது பேரில் பூமியில் விழுந்த நாளிலிருந்து தறியைத் தொட்டவன் ஒருத்தன்தான் உண்டு. சாமியை ஏமாற்ற வந்தவனுக்கு ஒரு துண்டு வாழைநார் கொண்டுவரத் தோன்றவில்லை. வீட்டில் உட்கார்ந்து, கையில் பழகின நூலால், கையில் பழகின முடிச்சைப் போட்டு எடுத்துவந்திருக்கிறான் அந்தப் புத்திசாலி.

பூசாரி இன்னொரு பொட்டலத்தைக் கிணற்றுக்கு எடுத்துப்போகக் குனிந்தார். அவர் கை படும் முன்னால் முத்துத்தாய் எடுத்துவிட்டாள். நாரைப் பட்டென்று அறுத்து இலையை விரித்து எல்லோருக்கும் காட்டினாள். அதிலும் செவ்வரளி.

அடுத்த நொடி ஆளாளுக்கு வாய் திறந்தார்கள். யாரைத் திட்டினார்கள் என்கிறீர்கள்? அவளைத்தான். பொம்பளை சாமி பொட்டலத்தைத் தொடலாமா, உத்தியோகம் பார்க்கிற திமிரா, வம்சம் விளங்குமா என்று பங்காளிகள் குதித்தார்கள். பூவை மாற்றியவனை ஒருத்தனும் கேட்கவில்லை. முத்துத்தாய்க்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. அன்றைக்குப் பாத்திரம் எதுவும் பக்கத்தில் இல்லை, அவளேதான் பேசினாள்.

"பிரிச்சது குத்தம்னா, மாத்துனது என்னங்கய்யா?" என்றாள். "ஒரு வெள்ளைப் பூ கட்டுனீகளே பூசாரி ஐயா, அது எங்க? அதைக் கேளுங்க மொதல்ல."

பூசாரி கீழே கிடந்த நூலை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். பிறகு வெள்ளைத்துரையைப் பார்த்தார். கையை நீட்டினார். வெள்ளைத்துரைக்கு முகம் வெளிறிவிட்டது. பிறகு வேட்டி மடியை அவிழ்த்து, நசுங்கிப்போன பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தான். நார்க் கட்டு அப்படியே இருந்தது. பூசாரி பிரித்தார்; உள்ளே நந்தியாவட்டை பழுத்துப்போயிருந்தது.

அப்பனுக்காகத்தான் செய்ததாகச் சொன்னான். அதுவரை மரத்தடியில் உட்கார்ந்திருந்த நல்லகாமனுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. கம்பை ஊன்றி எழுந்தார்.

"நான் எப்படா காசி கேட்டேன்? எவனாச்சும் எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியளாடா? காசிக்குப் போனா மனசுக்குப் பிடிச்சதை விட்டுட்டு வரணும். எனக்குப் பிடிச்சது கத்திரிக்காயும் கருவாடும். அதையும் விட்டுட்டு நான் எதுக்குடா உசுரோட இருக்கணும்?"

யாரோ சிரிக்கப் போய், பூசாரி முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள். பூசாரி தீர்ப்புச் சொன்னார். சாமி பூவை மடியில் முடிந்தது பெருங்குத்தம். வருகிற மாசிப் பச்சைக்கு, சிவராத்திரியன்று, கிடா வெட்டிக் குத்தம் கட்ட வேண்டும். அதுவரை ஊர் எல்லை தாண்டிப் பயணம் கிடையாது.

மாசி என்றால் ஜனவரி போய்விடும். அமீருன்னிசா போய்விடுவாள். பூவை மாற்றியது அவன், பயணம் கெடுவது இவளுக்கா? முத்துத்தாய் விடவில்லை. லைனில் நம்பரை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லி உறுதி பண்ணுகிற அதே குரலில் கேட்டாள்.

"எல்லை தாண்டக் கூடாதது யாரு? குத்தம் செஞ்சவரா, வீட்டுல இருக்குற எல்லாருமா?"

பூசாரி தாடியைத் தடவினார். செய்தவனுக்குத்தான் என்றார்.

"அப்ப நானும் பிள்ளைகளும்?"

"நீங்க என்ன தாயி குத்தம் செஞ்சீக" என்றார் பூசாரி. பொட்டலத்தைப் பிரித்ததைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் பேசவில்லை.

ஆம்பிளைத் துணையில்லாமல் பொம்பளையும் பிள்ளைகளும் அம்புட்டுத் தூரம் எப்படிப் போவார்கள் என்று வெள்ளைத்துரை வாய்க்குள் முனகினான். "ஏன், நான் பொம்பளையாடா?" என்றார் நல்லகாமன். அதோடு அவன் அடங்கினான்.

திங்கட்கிழமை ஆபீஸில் எல்டிசி பாரத்தில் போகிற ஊர் என்ற இடத்தில் பம்பாய் என்று எழுதினாள். கணவர் பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு இழுத்தாள். பேனா முனை காகிதத்தைக் கிழித்தது. மாமனாருக்கு அந்தப் பாரத்தில் இடம் கிடையாது. அவருக்குத் தனி டிக்கெட்டை வெள்ளைத்துரையே ஜங்ஷனில் வரிசையில் நின்று எடுத்துவந்தான். இவள் வாங்கிக்கொண்டாள், நன்றி சொல்லவில்லை.

மெட்ராஸில் வண்டி மாறி, இரண்டு ராத்திரி உட்கார்ந்தும் படுத்தும், ஜனவரி பதினேழாம் தேதி தாதர் ஸ்டேஷனில் இறங்கினார்கள். போகிற வழியெல்லாம் முத்துத்தாய்க்குக் கோபம் ஆறவில்லை. ஒரு முகத்தைப் பார்க்க ஒரு மனுஷி இத்தனை பேரோடும் ஒரு சாமியோடும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறதே என்று பொங்கிப் பொங்கி வந்தது. ஸ்டேஷனுக்கே வந்து நிற்பதாக அமீருன்னிசா லைனில் சொல்லியிருந்தாள். பிளாட்பாரத்தில் தலை தலையாகச் சனம். அப்போதுதான் அவளுக்குச் சுரீரென்று உறைத்தது. யாரைத் தேடுவது? குட்டையா, நெட்டையா, கறுப்பா, சிவப்பா? பன்னிரண்டு வருஷத்தில் அடையாளம் கேட்டுக்கொள்ளவே இல்லை. அரைமணி நேரம் பெட்டியை நட்டுவைத்துக்கொண்டு நின்றாள். வெள்ளைத்துரை சிரித்த சிரிப்பு காதில் மறுபடியும் கேட்டது. ஜெயக்கொடி பசிக்கிறது என்றாள். நல்லகாமன் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார்.

முத்துத்தாய் மூச்சை இழுத்தாள். சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி, இரைச்சல் லைனில் கத்துகிற அதே கத்தலில், "பம்பாய்?" என்றாள்.

தூண் மறைவில், பர்தாத் துணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தூக்குச் சட்டியோடு நின்றிருந்த ஒரு குள்ளமான கிழவி சட்டென்று நிமிர்ந்தாள்.

"மதுரை, சொல்லுமா" என்றாள்.