குருபோங் வீட்டில் மட்டும் வேலை செய்த பட்டன்

போன ஞாயிற்றுக்கிழமை, ஜாசினில் இருக்கும் நான், குருபோங்கில் இருக்கும் தோழி சரோஜா அக்கா வீட்டுக்குப் போனேன். வழக்கமாக வாசலிலேயே "பசியாறிட்டியா?" என்று கேட்பவர், அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் என்ன செய்தேன்?

"வேலைய விட்டுட்டு வியாபாரத்துல எறங்கியிருக்கேன். நீயாச்சும் ஆர்டர் போடுவேன்னு நெனச்சேன் லா."

விஷயம் இதுதான். அக்கா தீபாவளி முறுக்கு வியாபாரம் தொடங்கியிருந்தார். ஆர்டர் எடுக்க வெப்சைட். அது கணவர் குமரன் அண்ணனின் கைங்கரியம். தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பிரிவுக்காரர் அல்லவா! திறப்பு விழாவும் நடந்தது. சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்து, அக்கா வீட்டு வைஃபையில் திறந்து பார்த்து, சாம்பிள் முறுக்கைக் கடித்தபடி "சூப்பர் லா" என்றார்கள். அதற்குப் பிறகு... ஓர் ஆர்டர்கூட வரவில்லை.

"போட்டுப் பாத்தேன்க்கா. ஜாசின்ல ஆர்டர் பட்டனை அமுக்குனா சுத்திக்கிட்டே இருக்கு."

"இங்க நல்லாத்தானே ஓடுது? எங்க, இப்ப அமுக்கு பாப்போம்," என்றார் அண்ணன்.

அமுக்கினேன். உடனே திறந்தது! அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... சுத்தப் புளுகுணி ஆகிவிட்டேன்.

ரோஷம் வந்துவிட்டது. வைஃபையை அணைத்துவிட்டு, போன் டேட்டாவில் அமுக்கினேன். சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

அண்ணன் தலையில் கை வைத்தார். வெப்சைட் இருப்பது வீட்டுக் கம்ப்யூட்டரில். வெளியே ஒரு வாடகை சர்வர் — ரிவர்ஸ் புரோக்ஸி — வருகிறவர்களை வரவேற்று, உள்ளேயிருந்து பக்கத்தை வாங்கிவந்து கொடுக்கும். ஆனால் அந்தப் பக்கத்தின் ஆர்டர் பட்டன் போன்ற லிங்க்குகளில் வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரி! வெளியே அனுப்பும்போது அதை மாற்றி எழுதும்படி புரோக்ஸியிடம் சொல்ல அண்ணன் மறந்துவிட்டார். ஜாசினிலிருந்து வழி கேட்டவரிடம் "எங்க ஃபிரிட்ஜுக்குப் பக்கத்துல" என்று சொன்ன கதைதான்.

நம் ஆட்களே இப்படித்தான். எதையும் நம் வீட்டிலேயே, சொந்தக்காரர்களை உட்காரவைத்து, வயிறு நிறையப் போட்டுத்தான் சோதித்துப் பார்க்கிறோம். வாயில் முறுக்கை வைத்துக்கொண்டு யார் குறை சொல்வார்கள்?

அண்ணன் புரோக்ஸியில் ஏதோ இரண்டு வரி சேர்த்தார். காப்பி ஆறுவதற்குள் முதல் ஆர்டர் வந்து விழுந்தது. யாரிடமிருந்து? தெங்கேராவில் இருக்கும் அக்காவின் நாத்தனார்!

நான் கை தட்டினேன். அக்கா தட்டவில்லை. போனையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏங்க... லிங்க்கை வழியில மாத்துன மாதிரி, ஆர்டர் போடலன்னு நேத்து உங்க தங்கச்சிக்கு நான் திட்டி அனுப்புன வாய்ஸ் மெசேஜையும் மாத்த முடியுமா?"