“கொஞ்சம் வெளிய போயி நில்லுண்ணா!”

தொண்ணூறுகளின் பிற்பகுதி. தனியார் கம்பெனிகள் சொந்தமாகக் குட்டி விமானம் வாங்கத் தொடங்கியிருந்த நேரம். ரேணிகுண்டாவில் அப்படி ஒரு நான்கு சீட் விமானத்துக்கு ஆட்டோபைலட் பொருத்தும் வேலை என் தலையில் விழுந்தது.

விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்குவது வாலில் இருக்கும் எலிவேட்டர் பலகை. பைலட்டின் ஸ்டிக்கிலிருந்து அதற்குப் போகும் கேபிளோடு, சர்வோ என்கிற சின்ன மோட்டாரை கிளாம்ப் போட்டு இணைக்க வேண்டும். ஆள் சரியாக நுழையக்கூட முடியாத வால் பகுதிக்குள் மூன்று நாள் மல்லாந்து கிடந்தேன். கழுத்தும் முதுகும் விட்டுப்போயின. மறுநாள் காலை சென்னையில் துபாய் வேலைக்கு இன்டர்வியூ. எங்கள் ஊரில் என் வயதுக்காரர்கள் எல்லாரும் கல்ஃபுக்குப் போயாகிவிட்டது, நான்தான் பாக்கி. சாயங்கால பஸ்ஸை விடக்கூடாது.

கடைசியாக ஸ்டிக்கை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் போய் நின்றது. விட்டது தொல்லை என்று எழுந்தேன்.

ஆனால், இந்த மாதிரி வேலையை இன்னொருவர் தனியாகப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. வந்தவர் சத்தியவேடு பக்கத்துக்காரர். என்னைவிடச் சின்னவர், வேலைக்கும் புதுசு.

“மூணு நாளா உள்ளயே படுத்துக்கினு செஞ்சதுபா. போட்டுக் குடு, பஸ்ஸுக்கு நேரமாவுது” என்றேன்.

அவர் டார்ச்சை வாங்கிக்கொண்டார். “கொஞ்சம் வெளிய போயி நில்லுண்ணா. கூட இருந்தா நீ காட்டுறதத்தான் நான் பாப்பேன்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பெரிய ஆபீஸர் என்று முணுமுணுத்தபடி வெளியே போய் நின்றேன்.

அரை மணி கழித்துக் கூப்பிட்டார். ஸ்டிக்கை முன்னால் தள்ளிக் கட்டிவைத்துவிட்டு, எலிவேட்டரை அளந்து காட்டினார். இறங்க வேண்டியதில் பாதிதான் இறங்கியிருந்தது. நான் போட்ட கிளாம்ப் கேபிள் ஓடுகிற ஒரு புல்லிச் சக்கரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. அந்த முட்டலைத்தான் அசதியில் கடைசி எல்லை என்று நினைத்திருக்கிறேன். வானத்தில் மூக்கு தூக்கிக்கொண்டிருந்தால் பைலட்டால் இறக்கியிருக்க முடியாது. தினமும் வந்து “அயிபோயிந்தா?”, முடிந்ததா என்று தெலுங்கில் சிரித்தபடி விசாரித்துவிட்டுப் போகிற மனிதர் அந்தப் பைலட்.

பஸ் போய்விட்டது. இன்டர்வியூ நேரத்தில் மறுபடியும் வாலுக்குள் கிடந்து கிளாம்பை மாற்றிப் போட்டேன். இந்த முறை அவர் சொல்லாமலே வெளியே வந்தேன். அவர் பார்த்தார், அளந்தார், கையெழுத்துப் போட்டார். நடந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

விமானம் பறந்து திரும்பியது. நடந்தது எதுவும் தெரியாத பைலட் இறங்கி வந்து டீ கேட்டார்.

அடுத்த வருஷம் துபாய்க்கும் போனேன். இன்றைக்கும் என் வேலையைச் சரிபார்க்க யார் வந்தாலும் டார்ச்சைக் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொள்கிறேன். அந்தப் பைலட் உயிரோடு வந்து டீ கேட்டது, நான் அப்படி ஒருநாள் வெளியே நின்றதால்தான்.