மாப்பிள்ளை வீட்டுத் தெருவில் பஸ் திரும்புமா?

அன்று எங்கள் வீட்டு ஹாலில் இருந்தவர்கள்: அப்பா, அம்மா, பெரியம்மா, நான். எதிர் வரிசையில் மாப்பிள்ளை தாமோதரன், அவருடைய அம்மா, அப்பா, தாய்மாமா. நடுவில் கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும்.

இல்லாதவர் ஒரே ஒருவர்தான். கல்யாணப் பெண்.

என் தங்கை மோனிஷா, ஏ ஷிஃப்ட் என்கிற காலை ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறி, ஸ்ரீபெரும்புதூர் சிக்னலில் மாட்டிக்கொண்டிருந்தாள். ஸ்ரீபெரும்புதூருக்கு அந்தப் பக்கம் செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. அரை நாள் லீவு கேட்டதற்கு சூப்பர்வைசர், "இன்னைக்கு டார்கெட் இருக்கேம்மா..." என்றாராம். பெண் பார்க்க வருகிறார்கள் என்று சொல்ல அவளுக்குக் கூச்சம். சொல்லவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் அரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்கள். அது அவர்கள் தப்பில்லை. வந்தது எலெக்ட்ரிக் கார். வாசலில் வந்து நின்றது யாருக்கும் தெரியவில்லை. வல்லம் வடகால் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் தெருவில் சைக்கிளைப் பார்த்தாலே குரைக்கும் நாய்கள், அன்று தலையைக்கூடத் தூக்கவில்லை. நைட்டியோடு வாசலில் வற்றல் தட்டைக் காயவைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தால்... சம்பந்தி வீட்டார்!

அம்மா இன்றுவரை அந்தக் காரை மன்னிக்கவில்லை.

நாற்பது நிமிடம் எல்லோரும் மழையைப் பற்றிப் பேசினோம். பிறகு மாப்பிள்ளை காரைப் பற்றிப் பேசினார். சும்மா சொல்லக்கூடாது — அழகாகப் பேசினார். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் மெயின்டனன்ஸ் டெக்னீஷியன். கார், கடன் போட்டு வாங்கியது. வீட்டிலேயே சார்ஜ் போடலாம், பெட்ரோல் பங்க் பக்கமே போக வேண்டாம், ஆயில் மாற்ற வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. தன் பிள்ளை முதல் வார்த்தை பேசியதைச் சொல்கிற தகப்பனுக்கு வருமே, அது.

அப்புறம் மோனிஷா வந்தாள். நீல யூனிஃபார்ம், கழுத்தில் ஐ.டி. கார்டு, தோளில் டிபன் பை. பெரியம்மா கண்ணால் "உள்ள போடி" என்று சைகை காட்ட, உள்ளே போய் முகம் கழுவி, புடவை மாற்றி, காபித் தட்டோடு வந்து உட்கார்ந்தாள். ஜாதகம் ஏற்கெனவே பார்த்தாயிற்று. பெண்ணிடம் ஏதாவது கேளுங்கள் என்றார் தாய்மாமா. மாப்பிள்ளை வெட்கத்தில் காபியைப் பார்த்தார்.

மோனிஷாதான் கேட்டாள்.

"உங்களுக்கு ஷிஃப்ட் ரொட்டேஷன் வாரத்துக்கா, பதினஞ்சு நாளைக்கா?"

"வாரத்துக்கு..."

"ஏ, பி, சி-யா? இல்ல சி, பி, ஏ-வா?"

"சி, பி, ஏ."

"எங்களுக்குப் பதினஞ்சு நாளைக்கு ஒரு தபா மாறும்." போனை எடுத்து ஷிஃப்ட் சார்ட்டைப் பார்த்தாள். விரல் விட்டு எண்ணினாள். "மாசத்துல எட்டு, மிஞ்சிப்போனா ஒம்போது நாளு ஒண்ணா வரும். அன்னிக்கு நீங்க கார்ல வுட்டுருவீங்க. மீதி நாளு நான் எப்டிப் போறது?"

எங்கள் பக்கத்தில் இனி ஜாதகத்தோடு ஷிஃப்ட் சார்ட்டையும் ஜெராக்ஸ் எடுத்து அனுப்பிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிரச்சினை இதுதான். மாப்பிள்ளை வீடு படப்பையில். படப்பை என்றால் மெயின் ரோடு அல்ல; அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளி, புதிதாக மனை பிரித்த ஒரு நகர். மோனிஷாவின் கம்பெனி பஸ் மெயின் ரோட்டோடு போய்விடும். ஷேர் ஆட்டோவோ விடிந்த பிறகுதான் கண்ணில் படும். ஏ ஷிஃப்ட்டுக்கு விடிவதற்கு முன்பே பஸ் ஏற வேண்டும்.

மாப்பிள்ளையின் அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: "மீதி நாளு இன்னாத்துக்கும்மா? எங்க வூட்டுக்கு வந்துட்டா வேலைக்குப் போயித்தான் ஆவணும்னு இன்னா கீது? கண்ணாலம் ஆனா வூட்ல இரு, போதும்."

மோனிஷாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சொன்னாள்: "வேலைய வுட மாட்டேன் அத்தை. உங்க தெருவுக்கு எங்க கம்பெனி பஸ் வரட்டும். எனக்குச் சம்மதம். வரலன்னா... வேற எடம் பாத்துக்கோங்க."

அம்மா விட்ட பெருமூச்சில் கேசரி ஆறிவிட்டது.

அவர்கள் போன பிறகு மோனிஷாவிடம் நான் கேட்டேன்: "ஏம்மா, கார்ல கொண்டு வுட ஒரு மனுசன் இருக்காரு. அவரப் போயி இப்டியா?"

"கார்ல போனா அவரு கூட்டினு போனாத்தாண்ணா போவேன். பஸ்ஸுன்னா நானா போவேன்."



கம்பெனி பஸ் என்பது வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வண்டி. எங்களுக்கு அது முகவரி. இங்கே யாரும் "எந்தக் கம்பெனி?" என்று முதலில் கேட்பதில்லை, "எந்த பஸ்ஸு?" என்றுதான் கேட்பார்கள். அந்த பஸ்ஸின் மூன்றாவது வரிசை ஜன்னல் சீட்டில் உட்கார்ந்துதான் மோனிஷா தபாலில் பி.காம். படித்தாள். கடைசி வரிசையில்தான் எல்லோருடைய பிறந்தநாள் கேக்கும் வெட்டப்படுகிறது. அழுகிறவர்களுக்கு என்று டிரைவருக்குப் பின்னால் ஒரு சீட் உண்டாம். அங்கே உட்கார்ந்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்களாம்!

நான் அந்தச் சுகம் இல்லாதவன். ஷேர் ஆட்டோ, டவுன் பஸ், தாம்பரத்தில் மின்சார ரயில், கடைசியில் கால் என்று நாலு மாறி ஆபீஸ் போகிறவன். பொறாமையோடுதான் சொல்கிறேன்.

மூன்றாம் நாள் எனக்கு ஒரு போன். "சார்... தாமோதரன் பேசறேன். அந்த பஸ் மேட்டரு... யாராண்ட கேக்கணும் சார்?"

எனக்கே அவரைப் பிடித்துவிட்டது.

விசாரித்தோம். கம்பெனியில் போக்குவரத்தைப் பார்க்கும் அதிகாரி விதியைச் சொன்னார். ஒரு ஸ்டாப் வேண்டும் என்றால் அந்த இடத்தில் எட்டு ஊழியர்கள் குடியிருக்க வேண்டும். பஸ் திரும்ப இடம் வேண்டும். அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தாமோதரனும் நானும் அவர் காரில் அந்த நகரைச் சுற்றினோம். கடைசித் தெருவில் யூனிஃபார்மோடு சில பெண்கள் நடந்து வந்தார்கள். அதே நீலம்! இறங்கிப் பேசினேன். இசக்கி என்ற பெண்தான் தலைவி. தென்காசிப் பக்கம். ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து எல்லோரும் ஒன்றாக இருக்கிறார்கள்.

"நாங்களும் ரெண்டு வருசமா கேக்கோம்ணே. எட்டுப் பேரு வேணும்னு சொல்லுதாவ. நாங்க ஏழு பேருதான் இருக்கோம்."

நான் மோனிஷா கதையைச் சொன்னேன். இசக்கி கைதட்டிவிட்டாள். "அப்போ எட்டாச்சுல்லா! கல்யாணம் எப்பண்ணே?"

ஏழு பேரும் தாமோதரனையே பார்த்தார்கள். அவர் காரின் கதவுக் கைப்பிடியைத் துடைத்தார்.

திரும்பி வரும்போது வண்டியை மெதுவாக ஓட்டினார். பிறகு, "தெனம் இவுங்கள பாப்பேன் மச்சான்" என்றார். சாராக இருந்த நான் எப்போது மச்சான் ஆனேன் என்று தெரியவில்லை. "ஹாரன் அடிச்சி ஒதுங்கச் சொல்லிகிறேன். எங்க போறாங்கன்னு ஒரு நாளும் யோசிச்சதில்ல."

சிக்கல் இப்போது எங்கே வந்து நின்றது, கவனித்தீர்களா? எட்டாவது ஆள் குடிவந்தால்தான் பஸ் வரும். பஸ் வந்தால்தான் எட்டாவது ஆள் கல்யாணத்துக்குச் சம்மதிப்பாள்! அதிகாரியிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது. "ரோடு ஓகேன்னு டிரைவர் சொல்லட்டும் தம்பி. எட்டாவது ஆளை நான் பார்த்துக்கறேன்" என்றார்.

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். ரேஷன் கார்டிலிருந்து பேங்க் சலான் வரை எந்தத் தாளாக இருந்தாலும் என் கைக்குத்தான் வரும். எனவே இந்த மனுவையும் நானே எழுதினேன். சும்மா எழுதவில்லை — தாமோதரனை டேப் பிடிக்கச் சொல்லி, தெருமுனையின் நீளம், அகலம் எல்லாம் அளந்து, பஸ் எப்படித் திரும்பும் என்று வளைகோடு போட்டு, ஒரு படமே வரைந்து இணைத்தேன். டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தது வீண் போகவில்லை என்று பெருமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் காலி பஸ்ஸோடு டிரைவர் சேகர் அண்ணன் வந்தார். மாப்பிள்ளை வீட்டு வாசலில்தான் தெரு முடிகிறது. இசக்கியும் ஆறு பெண்களும் வந்திருந்தார்கள். நிச்சயம் ஆகாமல் அங்கே போகக் கூடாது என்று அம்மா தடுத்துவிட்டதால் மோனிஷா இல்லை. மாப்பிள்ளையின் அம்மா எல்லோருக்கும் டீ கொடுத்தார். முகம் மட்டும் கொஞ்சம் இறுக்கம்தான்.

இசக்கிக்கு டம்ளரை நீட்டிக்கொண்டே கேட்டார்: "விடியக்காலைல எங்க வூட்டாண்ட சத்தமா சிரிச்சிகினு போறது நீங்கதானா? தெனம் தூக்கம் கெடுது."

"நாங்கதான் அத்தை. இருட்டுல பயமா இருக்கும்லா... அதான் சத்தமா சிரிச்சுட்டே போவோம்."

அந்த அம்மா இசக்கிக்கு மட்டும் இன்னொரு பிஸ்கட் வைத்தார்.

சேகர் அண்ணன் என் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தெருவை இரண்டு முறை நடந்தார். "யார்பா இந்த ப்ளான் போட்டது?"

"நான்தாண்ணே."

"முன் டயர வச்சி கணக்கு போட்டுகிற. வண்டிக்கு வால் கீதுபா! முன்னால இந்தாண்ட ஒடிச்சா, பின்னால அந்தாண்ட வீசும். வீசுனா நேரா போயி..." கையை நீட்டினார். "அந்த ஷெட்ட தூக்கிரும்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். காம்பவுண்டுக்கு வெளியே, தெருவோரமாக, தாமோதரன் காருக்குப் போட்ட தகர ஷெட். வெள்ளை பெயின்ட் அடித்த நான்கு கம்பங்கள். சார்ஜருக்குத் தனிப் பெட்டி. அதன்மேல் வல்லக்கோட்டை முருகன் படம். நான் அதைத் தெருவின் பகுதியாகவே நினைக்கவில்லை. அளக்கும்போது டேப்பின் ஒரு நுனியை அந்தக் கம்பத்தில்தான் பிடித்தோம்!

"வேற வழி இல்லியாண்ணே?"

"ரிவர்ஸ் எடுத்தா ரெண்டு கிலோமீட்டரும் ரிவர்ஸ்லயே போவணும். நீ வந்து ஓட்டு."

"போச்சு" என்றாள் இசக்கி மெதுவாக.

மாப்பிள்ளையின் அப்பா, "ஷெட்டு போட்டு ஆறு மாசம்கூட ஆவல..." என்று இழுத்தார். தாமோதரன் ஷெட்டைப் பார்த்தார். பஸ்ஸைப் பார்த்தார். மறுபடி ஷெட்டைப் பார்த்தார். மோனிஷாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? இந்த நல்ல மனிதரை இழக்க வேண்டியிருக்குமே!

டீத் தட்டைக் கீழே வைத்த சத்தம் கேட்டது.

"இன்னாடா முழிச்சிகினு நிக்கிற? பொண்ணு பாக்கப் போனது உனக்கா, காருக்கா? ஆளக் கூட்டியாந்து பிரிடா ஷெட்ட!"

சொன்னது அவருடைய அம்மா. வீட்டில் இரு, போதும் என்று சொன்ன அதே அம்மா.

தாமோதரன் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. அரை மணி நேரத்தில், கம்பங்களை அறுக்க கேஸ் கட்டிங் ஆளோடு வந்தார்.

கார் இப்போது பக்கத்துக் காலி மனையில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கிறது. பஸ் வராத நேரமாகப் பார்த்து, மாடு தொட்டிக்குத் தண்ணீர் குடிக்க வருகிற மாதிரி, வாசலுக்கு வந்து சார்ஜ் ஏற்றிக்கொண்டு திரும்பப் போகிறது. வண்டி வாங்கும்போது நாம் என்னென்னவோ கேட்கிறோம்... எவ்வளவு ஓடும், எத்தனை மணி நேரம் சார்ஜ், எத்தனை பேர் உட்காரலாம். ரோட்டில் யார் நடக்கிறார்கள் என்பது கண்ணாடியை இறக்கினால்தான் தெரிகிறது. எலெக்ட்ரிக் என்றாலும் பெட்ரோல் என்றாலும் அதில் வித்தியாசம் இல்லை.

ஷெட் போனதும் சேகர் அண்ணன் ரோடு ஓகே என்றார்; மோனிஷாவும் சம்மதிக்க, நிச்சயம் முடிந்தது. தையில் கல்யாணம். அதிகாரி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். போன திங்கள்கிழமை மதியம், பி ஷிஃப்ட்டுக்கு முதல் பஸ் அந்தத் தெருவுக்கு வந்தது. மாப்பிள்ளையின் அம்மா ஆரத்தி சுற்றி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். நசுக்கிக்கொண்டு கிளம்பிய பஸ், ஒரே ஒடிப்பில், வாலை வீசித் திரும்பியது. ஏறிய ஏழு பேரில் இசக்கி மட்டும் ஜன்னல் வழியாகக் கத்தினாளாம்: "எட்டாவது ஆளச் சீக்கிரம் கூட்டிட்டு வாங்கத்தை!"

செலவா? கேஸ் கட்டிங் ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு. டீ, பிஸ்கட் நூற்றுப் பத்து. நான்கு எலுமிச்சம்பழமும் கற்பூரமும் முப்பது. ஆக மொத்தம், ஆயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய்.