மஞ்சள் தடவிய புத்தகம்

என் முதல் புத்தகத்தை நானே அச்சிட்டேன். அதற்குப் பின்னால் கொள்கை எதுவும் இல்லை. மூன்று பதிப்பகங்களுக்கு அனுப்பிப் பார்த்தேன், மூன்றும் கிணற்றில் போட்ட கல். வேங்கிக்கால் கலெக்டர் அலுவலகத்தில் முப்பது வருடமாக ஊராருடைய மனுக்களைக் காக்க வைத்தவன் நான். என்னையும் யாரோ காக்க வைப்பதில் நியாயம் இருந்தது. ஆனாலும் பொறுமை இல்லை.

நூற்றுப் பத்துப் பக்கம். எல்லாம் எங்கள் வீட்டுக் கதைதான். அதில் ஐந்தாவது அத்தியாயம் அக்காவைப் பற்றியது. நான் மேலே படிப்பதற்காக அக்கா ஒன்பதாவதோடு மனமுவந்து பள்ளிக்கூடத்தை விட்டு, கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கப் போனாள் என்று எழுதியிருந்தேன். எழுதியதை அவளிடம் சொல்லவில்லை. படித்தால் சந்தோஷப்படுவாளா, ஊருக்குச் சொல்லிவிட்டாயே என்று பேச்சை நிறுத்திவிடுவாளா என்பதுதான் எனக்கிருந்த ஒரே கவலை. எனக்கு மிச்சமிருந்த கூடப்பிறந்தவள் அவள் ஒருத்திதான்.

கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஓர் அச்சகத்தில் கொடுத்தேன். அதை நடத்தும் பாய் குடும்பம் மூன்று தலைமுறையாக ஊரிலுள்ள எல்லாச் சாதிக்கும் பத்திரிகை அடித்துக் கொடுக்கிறது. பாய் திருத்தப் படியை வரி விடாமல் படித்தார். ‘உ’ போட மறந்துவிட்டீர்களே என்று அவர்தான் எனக்கு நினைவூட்டினார். வேண்டாம் என்றேன். யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

கட்டுகளை வாங்கப் போனபோது எல்லாப் பிரதிகளின் நான்கு முனையிலும் மஞ்சள் இருந்தது. ஓரத்தில் ஊறி உள்பக்கம் வரை இறங்கியிருந்தது. பாய்க்கு உண்மையிலேயே சங்கடமாகிவிட்டது.

“கருமாதி கார்டு தவிர எது வந்தாலும் மஞ்சள் தடவிதான் சார் கட்டுவாங்க. பைண்டிங் பொம்பளைங்களுக்குக் கை பழகிப்போச்சு. ஒரு வார்த்தை சொல்லாம விட்டது என் தப்பு.”

முனைகளை வெட்டித் தருகிறேன் என்றார். வெட்டினால் எழுத்தும் சேர்ந்து போகும். இருக்கட்டும் என்று ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். உள்ளுக்குள் எரிச்சல்தான்.

அக்காவுக்கு ஒரு பிரதியைத் தபாலில் அனுப்புவதாக இருந்தேன். கோழைத்தனம்தான், வேறு பெயர் வைக்க முடியாது. அக்கா இருக்கும் கீழ்பென்னாத்தூர் ஒன்றும் சீமை இல்லை, பஸ் ஏறினால் போய்விடலாம். உறைமேல் விலாசம் எழுதிக்கொண்டிருந்தபோது என் மனைவி பார்த்துவிட்டாள்.

“ஏங்க, மஞ்ச வெச்சத போஸ்ட்ல அனுப்புவாங்களா? அண்ணி இந்த ஜென்மத்துல நம்ம வாசப்படி மிதிக்கமாட்டாங்க.”

இது பத்திரிகை இல்லை, புத்தகம் என்றேன். மஞ்சளுக்கு அது தெரியுமா என்றாள். ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனோம். தாம்பூலத் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ, மேலே புத்தகம். கிழக்குப் பார்த்து நின்று கொடுத்தோம். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். முகூர்த்தம் எப்போது என்று மாமா கேட்டார். என் மகளுக்குக் கல்யாணமாகி ஐந்து வருடமாகிறது. விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

அக்கா உள்ளே போகாமல் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து பக்கத்தைத் திருப்பினாள். என்னைப் பற்றி எது என்றாள். காட்டினேன். விரலை வரிக்கு வரி வைத்துப் படித்தாள். என் மனைவி காப்பி போடுகிறேன் என்று அடுப்படிக்கு நழுவிவிட்டாள். எனக்கு நழுவ இடமில்லை. இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் என் எழுத்தைப் படித்து நான் பார்த்ததில்லை. பயமாக இருந்தது.

அத்தியாயத்தின் ஐந்து பக்கத்தையும் முடித்தாள். கோபமில்லை. அழவும் இல்லை.

“நல்லாத்தான் எழுதிக்கிற. ஆனா நானா எங்கடா நிறுத்தினேன்? அப்பா எம் புஸ்தகத்தையெல்லாம் எடுத்து எடைக்குப் போட்டாரு. மூணு நாளு சோறு தின்னாம கெடந்தேன். நீ பக்கத்துல உக்காந்து வாய்ப்பாடு படிச்சிக்கினு இருந்த.”

எனக்கு அது நினைவில் இல்லை. எவ்வளவு யோசித்தும் அந்த மூன்று நாள் வரவில்லை. வாய்ப்பாடு மட்டும் வந்தது.

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். யார் கேட்டீர்கள் என்றாள். பிறகு எழுந்து, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று கோழி அடிக்கச் சொல்லப் போனாள். புத்தகத்தைத் தொலைக்காட்சிப் பெட்டிமேல் வைத்தாள், மற்ற கல்யாணப் பத்திரிகைகளோடு.

இப்போது எல்லாப் பிரதிகளிலும் ‘மனமுவந்து’ என்ற சொல்லைப் பேனாவால் அடித்துவிட்டுத்தான் கொடுக்கிறேன். அச்சுப்பிழையா என்று கேட்கிறார்கள். இல்லை, விசாரிக்காமல் எழுதிவிட்டேன் என்கிறேன். ஒரே வீட்டில் வளர்ந்தவளை என்ன விசாரிப்பது என்று நினைத்திருந்தேன்.