தளப்பாட்டு பிளேட்டில் ஏறிய நாள்

எனக்கு எண்பத்தெட்டு வயது. பெற்றது நாலு, அக்கா விட்டுப்போனது ரெண்டு, ஆக ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன். அத்தனையும் சித்தாள் வேலை செய்துதான். பிரேசர் டவுனில் இன்றைக்கும் ஒழுகாமல் நிற்கிற பழைய மாடிகளில் சிலவற்றுக்குத் தளம் அடித்தவள் நான். சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது.

எழுத்து எனக்குத் தாமதமாக வந்தது. ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது ஆகிறது. ஆகட்டும். வேலைக்குப் புதிதாக வருகிற பெண்கள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

போன மாதம் பேத்தி பவானி பழைய சாமான் கடையிலிருந்து ஓர் ஆல்பம் வாங்கிவந்தாள். புத்தகம் மாதிரி கெட்டி அட்டை, உள்ளே உறை உறையாக நாலு கிராமபோன் பிளேட். பாடியவர் ஜோகுபாளையம் குப்பண்ணன். அவருடைய கூத்துப்பாட்டு பிளேட்டுகள் அல்சூர் டீக்கடைகளில் தேயத் தேய ஓடின. இந்த ஆல்பம் மட்டும் ஓடவில்லை. சாமியும் இல்லை, ராஜாவும் இல்லை, சித்தாள் பாட்டை யார் கேட்பார்கள் என்று கடைக்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதில் வேலை செய்த பத்துப் பெண்களில் நான் ஒருத்தி.

எங்கள் பாட்டு

இப்போது மாடிக்குக் காங்கிரீட் போடுகிறார்கள். அப்போது செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, மரக்கட்டையால் அடித்து அடித்து இறுக்க வேண்டும். இரண்டு வரிசையாக எதிரெதிரே குந்தி உட்கார்ந்து அடிப்போம். கட்டைகள் ஒன்றாக விழுவதற்குத்தான் பாட்டு. ஒருத்தி தனியாக நிறுத்தினால் எதிரில் இருப்பவள் கட்டை அவள் விரலில் இறங்கும். அதனால் எங்கள் பாட்டுக்கு முடிவு கிடையாது. மேஸ்திரி கன்னடத்துக்காரர், "நீரு!" என்று சத்தம் போடுவார். ஒருத்தி கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீரைச் சொம்பிலிருந்து தெளிப்பாள். துளி மேலே பட்டதும் எல்லாக் கட்டையும் நிற்கும், எல்லா வாயும் நிற்கும்.

மூன்று நிமிஷம்

குப்பண்ணனுக்கு அப்போதே அறுபது தாண்டிவிட்டது. நாங்கள் வேலை செய்கிற இடத்துக்கு வந்து நாலு நாள் உட்கார்ந்து கேட்டார். "நான் எடுத்துக் குடுக்கறேன், நீங்க வாங்கிப் பாடுங்க. பிளேட் போடலாம்" என்றார். வாங்கிப் பாடுவதில் முதல் குரல் என்னுடையது. அன்றைக்கே எங்கள் வரிசை வீடுகள் பூராவும் சொல்லிவிட்டேன். மாமியார் கேட்பதற்கென்றே ஊரிலிருந்து வந்து உட்கார்ந்துவிட்டார்.

அல்சூரில் ஒரு கூடத்தில் ஜன்னலுக்கெல்லாம் கம்பளி தொங்கவிட்டு, பாட்டைப் பிடிக்கிற மெஷினை வைத்திருந்தார்கள். மெட்ராஸிலிருந்து வந்த இன்ஜினியருக்குச் சாயங்காலம் ரயில். அதற்குள் எட்டுப் பாட்டு முடிய வேண்டும். கட்டை இல்லாமல் எங்களுக்குப் பாட்டு வராது என்றதால் கோணியை மடித்துப் போட்டு, அதன்மேல் அடிக்கச் சொன்னார்.

பாட ஆரம்பித்தோம். மூன்று நிமிஷத்தில் இன்ஜினியர் கையைத் தூக்கினார். குப்பண்ணன் நிறுத்தினார். நாங்கள் நிறுத்தவில்லை. இரண்டாவது தடவையும் அப்படியே.

"கை காட்டினா நிறுத்தணும்மா! பிளேட்ல அதுக்கு மேல இடமே இல்ல."

எங்கள் வரிசையிலிருந்த மாரியம்மா கேட்டாள்: "கட்டைய பாக்குறதா, உன் கைய பாக்குறதா சாமி? வெரலு நசுங்குனா உன் வெரல வெட்டிக் குடுப்பியா?"

எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவருக்குச் சிரிப்பு வரவில்லை. குப்பண்ணனைப் பார்த்து, "அண்ணே, டிராமா கம்பெனிப் பொண்ணுங்க மூணு பேரக் கூப்பிடுங்க. இவங்களுக்கு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிடலாம்" என்றார்.

"இவங்க பாட்ட இவங்கள வுட்டுட்டுப் பாடினா, நான் ஜோகுபாளையத்துல எப்படி சார் நடமாடறது?"

"அப்போ எப்படி நிறுத்தறது? சொல்லுங்க."

நான் எழுந்தேன். "சார், ஒரு சொம்பு தண்ணி குடுங்க."

"தாகமா?"

"இல்ல சார், இவளுங்கள நிறுத்த."

"மைக் மேல ஒரு சொட்டு பட்டுச்சு, என் வேலை போச்சு!" என்று கத்தினார். கத்தினாலும் சொம்பு வந்தது.

மடியில் சொம்பை வைத்துக்கொண்டு நான் பாடினேன். அவர் கை தூக்கியதை நானும் பார்க்கவில்லை. "நீயுமா?" என்றார். அடுத்து ருக்குமணியிடம் கொடுத்தோம். அவள் சொம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடினாள்.

குப்பண்ணன் என் பக்கம் வந்தார். "கோவிந்தம்மா, யாராச்சும் ஒருத்தர் வாய மூடிக்கினு அவர் கையையே பாத்துக்கினு நிக்கணும்."

"அதுக்கு நான்தான் கெடச்சனா? எங்க மாமியாருக்கு நான் இன்னா சொல்றது?"

மாரியம்மா குறுக்கே வந்தாள். "உனக்கும் வாய மூடத் தெரியாது. எங்களுக்குத் தெரியாதா? ஆனா ஒத்துக்கினா செஞ்சுடுவ. இவளுங்க ஒத்துக்கினாலும் செய்ய மாட்டாளுங்க."

கோபத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இருந்தாலும் சொம்பை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். எட்டுப் பாட்டுக்கும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். இன்ஜினியர் கை தூக்குவார். நான் குனிந்து ஒன்பது முதுகிலும் தெளிப்பேன். கத்தியால் அறுத்த மாதிரி நிற்கும். கடைசிப் பாட்டு முடிந்ததும் அவர் வாட்சைப் பார்த்துவிட்டு, "நாளைக்கே மெட்ராஸ் வந்துடு தாயே, அங்கயும் நிறைய பேர் நிறுத்தத் தெரியாம பாடறாங்க" என்றார்.

பவானி கேட்டது

பிளேட் வந்தபோது டீக்கடையில் போடச் சொல்லி மாமியாருக்குக் காட்டினேன். "எது உன் கொரலு?" என்று கேட்டார். ருக்குமணி குரலைக் காட்டி, "இதான் அத்தே" என்றேன். அவர் சாகிற வரை அந்தக் குரலையே ஊரெல்லாம் புகழ்ந்துகொண்டிருந்தார். ருக்குமணிக்குத் தெரியும். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

போன மாதம் பவானி ஒரு மெஷின் கொண்டுவந்து பிளேட்டைப் போட்டாள். இரைச்சலுக்குள்ளிருந்து மாரியம்மா வந்தாள், கரகரவென்று. ருக்குமணி மூக்கால் வந்தாள். இருவரும் போய் எத்தனையோ வருஷம் ஆயிற்று. "ஆயா, இதுல உன் கொரல் எது?" என்று பவானியும் கேட்டாள்.

ருக்குமணி பெயர்தான் வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன். "நான் இதில பாடவே இல்லடி" என்றேன். திரும்பப் போடச் சொல்லி, பாட்டு நிற்கிற இடத்தைக் கேட்கச் சொன்னேன். ஒன்பது குரல், ஒரே நொடியில், ஒரு பிசிறு இல்லாமல் நிற்கிறது. "அது நான்" என்றேன். அவள் அந்த இடத்தை மட்டும் மூன்று தடவை போட்டுக் கேட்டாள்.

வேலைக்கு வருகிற பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். பத்துப் பேர் செய்கிற வேலையில் ஒருத்தி சும்மா நிற்பது போலத் தெரியும். அவள் எதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று கவனியுங்கள். அந்த ஒருத்தி நீங்களாக இருந்தால், என்னைப் போல அடுத்தவள் குரலைக் கடன் வாங்காதீர்கள். நின்றேன் என்றே சொல்லுங்கள். எனக்கு அதைச் சொல்ல இத்தனை வருஷம் பிடித்தது.

பவானி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வா. முதலிலிருந்து வாசி, கேட்கிறேன். மாமியாரிடம் பொய் சொன்ன இடம் வந்தால் குரலைத் தணிக்காதே. அதை உரக்கவே வாசி.