விரிசலுக்குக் குறுக்கே ஒரு நூல்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் அம்மாவுக்குப் பிடித்த இடம் ஒன்றுதான்: மலையை ஒட்டிய சுவரின் ஜன்னலடி. பனி மூடிய நாளிலும் அங்கே வெளிச்சம் விழும். கொழுந்து எடுத்துவிட்டு வந்து கொக்கி ஊசியோடு உட்கார்ந்தால் எழுப்ப முடியாது. இந்தத் தோட்டத்துப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தது ஏதோ ஒரு காலத்து வெள்ளைக்காரத் துரைசானி என்பார்கள். அவளுக்கு மேசை விரிப்பு வேண்டியிருந்ததாம். இப்போது பிரிஞ்சாங் டவுன் துணிக்கடை பாய் நூலைக் கொடுத்து, தூடோங் முக்காட்டின் ஓரத்தில் தைக்கப் பின்னியதை வாங்கிப் போகிறார். வேலை மாறவில்லை, கேட்கிற ஆள்தான் மாறியது.

போன மழையில் அந்தச் சுவர் விரிசல் விட்டது. மேலே காய்கறி போட மலையை வெட்டியிருந்தார்கள். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும், மலை நகராதா? நடு லைனில் காலி வீடு இருக்கிறது, மாறிக்கொள்ளுங்கள் என்றார் தோட்ட ஆபீஸ் கிராணி. அம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"அது குகை லா. பட்டப்பகல்லயே லைட்டு போடணும். பின்னுற கண்ணி எங்க தெரியும்?"

நான் தானா ராத்தா டவுனில் ஹோட்டல் வேலை செய்கிறேன். வாரம் ஒருமுறைதான் வீடு. கத்திப் பார்த்தேன், பலிக்கவில்லை. கடைசியில் விரிசலின் இரண்டு பக்கமும் ஆணி அடித்து, அவளுடைய லேஸ் நூலையே குறுக்கே விறைப்பாகக் கட்டினேன்.

"சுவர் விலகினா நூல் அறுந்துரும். அறுந்த அன்னிக்கே கிளம்பிரணும்மா."

சரி என்றாள்.

ஒவ்வொரு வாரமும் முதலில் நூலைத்தான் பார்ப்பேன். அறுந்திருக்காது. ஆனால் கதவு சாத்த மறுத்தது. தரையில் வைத்த நூலுருண்டை தானாக வாசல் பக்கம் உருண்டது. பயத்தில் ஒருநாள் நூலை விரலால் தடவினேன். நகத்தில் ஒரு முடிச்சு தட்டியது, பக்கத்திலேயே இன்னொன்று. லேஸ்காரி போட்ட முடிச்சு கண்ணுக்குத் தெரியாது.

"இது எப்பம்மா அறுந்துச்சு?"

அம்மா ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எந்தத் தடவையக் கேக்குற?"

அறுந்த நூலைப் பார்த்தால் அவள் கை சும்மா இருக்காதாம். ஆத்திரத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. கொட்டுகிற மழையிலேயே சாமான்களை நடு லைனுக்குத் தூக்கினேன்.

சுவர் இன்னும் விழவில்லை. அந்தத் தைரியத்தில் அம்மா வேலை முடிந்ததும் பழைய வீட்டுக்கே போய்விடுகிறாள். காலி வீடு, நல்ல வெளிச்சம் என்று லைன் பெண்களெல்லாம் இப்போது நூலோடு அங்கே கூடிவிட்டார்களாம். மழை நாளில் தோட்டத்திலிருந்து போன் வந்தால் "சுவரு நிக்குதா?" என்றுதான் முதலில் கேட்கிறேன்.