சாராளிடம் என்ன சொன்னார்?

எங்கள் சித்தப்பாவுக்குப் பைபிளைச் சும்மா படிக்க வராது. மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் அவருக்குத் தரம் பார்க்கிற வேலை. ஒரே அச்சில் வார்த்த இரண்டு உருப்படிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பழகிய கண். வேதத்தையும் அதே கண்ணால்தான் பார்த்தார். பழங்கால யூத ஆசிரியர்கள் எழுதிய விளக்கங்கள் ஆங்கிலப் புத்தகங்களாக எங்கிருந்தோ அவர் கைக்கு வந்து சேர்ந்தன. அதோடு எங்கள் பெருங்களத்தூர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கம் ஒழிந்தது. ஆராதனை முடிந்து, மீன்குழம்பு சாப்பிட்டு, எல்லாரும் கால் நீட்டுகிற நேரம் பார்த்து ஆரம்பித்துவிடுவார்.

யாக்கோபு ஆட்டுத்தோலைக் கையில் சுற்றிக்கொண்டு, அண்ணன் துணியை உடுத்திக்கொண்டு, கண் மங்கிய அப்பாவை ஏமாற்றினான் அல்லவா? அதே யாக்கோபு வயதானதும் அவன் பிள்ளைகள் யோசேப்பின் அங்கியை ஆட்டு ரத்தத்தில் தோய்த்துக் கொண்டுவந்து அவனை ஏமாற்றினார்கள். அங்கேயும் ஆடு, துணி. இங்கேயும் ஆடு, துணி. இப்படி ஜோடி சேர்த்துவிட்டு, சீட்டாட்டத்தில் ஜெயித்தவர் மாதிரி எங்களைப் பார்ப்பார். வேதத்தில் ஒன்றின் பக்கத்தில் இன்னொன்று காரணமில்லாமல் வந்து உட்காராது என்பது அந்த ஆசிரியர்களிடம் அவர் கற்றது. பாஸ்டருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. ஐந்தாம் வகுப்பு படித்த எனக்கு, கதையில் ஆடு வந்தால் போதும்.

என் அண்ணன் பிறந்தபோது அழவில்லையாம். அப்பா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே முழங்கால் போட்டு, பிள்ளை பிழைத்தால் ஊழியத்துக்குக் கொடுத்துவிடுவதாகப் பொருத்தனை செய்துவிட்டார். எங்கள் சபையில் பாதிப் பிள்ளைகள் பொருத்தனைப் பிள்ளைகள்தான். வளர்ந்ததும் ஐ.டி. கம்பெனிக்குப் போய்விடுவார்கள், ஆண்டவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அப்பா அப்படி விடுகிற ஆள் இல்லை. அண்ணன் பிளஸ் டூ முடித்ததும், வடக்கே மிஷனரிப் பயிற்சிக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார். அண்ணனுக்கு உலகத்தில் பைக் என்ஜின் ஒன்றுதான் தெரியும்.

"பொருத்தனை பண்ணது நீங்க. பெத்தது நானு. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்று அம்மா அன்று கேட்டாள். அவள் அப்படிக் குரல் உயர்த்தி நான் அதற்கு முன் கேட்டதில்லை. என் உயிர் இருக்கிறவரை அனுப்பமாட்டேன் என்றும் சொன்னாள்.

கொஞ்ச நாளில் அப்பாவே இறங்கி வந்த மாதிரி இருந்தது. மத்தியப் பிரதேசத்தில் ஒரு கிறிஸ்தவக் கல்லூரி இருக்கிறது, ஆட்டோமொபைல் டிப்ளமா, ஃபீஸ் கிடையாது என்றார். அண்ணன் குதித்தான். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்தோத்திரம் சொன்னாள். அங்கே குளிருமாமே என்று தாம்பரம் மார்க்கெட் முழுக்க அலைந்து ஒரு ஸ்வெட்டர் வாங்கி வந்தாள்.

அடுத்த ஞாயிறு அப்பா சபைக் கமிட்டிக்குப் போயிருந்தார். அம்மா அண்ணனுக்காக முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். சித்தப்பா வழக்கம்போல் கூடத்தில் உட்காராமல் சமையலறை வாசலில் வந்து நின்றார். ஆண்டவர் கேட்டார் என்று ஆபிரகாம், மனைவி சாராளை வீட்டில் விட்டுவிட்டு, மகனைப் பலிகொடுக்க மோரியா மலைக்குக் கூட்டிப்போன கதையை எடுத்தார். அன்று அவரிடம் உற்சாகமே இல்லை. வேர்த்துக் கொட்டியது.

"அண்ணி, ஆபிரகாம் சாராள்கிட்ட என்ன சொல்லிட்டுப் போயிருப்பார்?"

"ஒண்ணும் சொல்லியிருக்கமாட்டாரு. ஆம்பளைங்கதானே."

"இல்ல அண்ணி. படிக்க வைக்கிற எடம் ஒண்ணு கீது, பையனை அங்க கூட்டினு போறேன்னு சொன்னாராம். யூத ஆசிரியருங்க எழுதியிருக்காங்க. படிப்புன்னு சொன்னாராம் அண்ணி."

"அந்தக் காலத்துலயே அட்மிஷனா?" என்று அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

சித்தப்பா நிறுத்தவில்லை. எங்கே சாராள் மனசு மாறிவிடுவாளோ என்று பயந்துதான் ஆபிரகாம் அதிகாலையில் கிளம்பினாராம். வேதத்தில், போகும்போது இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. திரும்பி வரும்போது மகன் பெயர் இல்லை. அடுத்த அதிகாரத்தைத் திறந்தால் சாராளின் மரணம். மகனுக்கு நடந்ததைக் கேள்விப்பட்டுத்தான் அவள் உயிர் போனது என்று அந்த ஆசிரியர்கள் சொன்னார்களாம். பக்கத்தில் பக்கத்தில் இருப்பது சும்மா இல்லை என்று இரண்டு தடவை சொன்னார்.

"பாவம்" என்றாள் அம்மா. அவர் நகரவில்லை. இன்னொரு தடவை சொல்லட்டுமா என்று கேட்டார். "எண்ணெய் காயுது தம்பி, கொஞ்சம் அந்தாண்ட போங்க" என்றாள்.

அந்த வாரம் விடியுமுன் அப்பாவும் அண்ணனும் கிளம்பினார்கள். அப்பா மட்டும் திரும்பி வந்தார். செருப்பைக் கழற்றும்போதே, "அவனை ஆண்டவருக்குக் கொடுத்துட்டேன்" என்றார். அங்கே டிப்ளமாவும் இல்லை, என்ஜினும் இல்லை. மிஷனரிப் பயிற்சிதான். அண்ணனின் போனை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். அம்மா கத்தவில்லை. சமைத்தாள், துவைத்தாள், அப்பாவோடு பேசுவதை நிறுத்தினாள். பிரஷர் மாத்திரையையும் நிறுத்தியிருக்கிறாள். அது எங்களுக்குத் தெரியாது. கிறிஸ்துமஸ் நெருங்கும்போது ஒரு காலையில் துணி காயப்போடப் போனவள் மொட்டைமாடியிலேயே விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அண்ணன் ஏதோ உள்கிராமத்தில் இருந்தான். தகவல் போய் அவன் வந்து சேர்வதற்குள் அடக்கம் செய்துவிட்டோம்.

கல்லறைத் தோட்டத்தில் சித்தப்பா மண்ணில் உட்கார்ந்து, "சொன்னேனே அண்ணி, சொன்னேனே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அம்மா செத்துக்கிடக்கும்போதும் இந்த மனுஷனுக்குத் தன் ஜோடிக் கணக்கு சரியாக வந்த பெருமைதானா என்று நினைத்தேன். அவர் கூப்பிட்டபோது பக்கத்தில் போகவில்லை. அதன்பிறகு எந்த ஞாயிற்றுக்கிழமையும் அவர் எங்கள் வீட்டில் கதை சொல்லவில்லை.

போன வருடம் அப்பாவே வாய்திறந்தார். சித்தப்பாவுக்கு ஆரம்பத்திலிருந்தே எல்லாம் தெரியுமாம். அண்ணியிடம் சொல்வதில்லை என்று வேதத்தின்மேல் கை வைக்கச் சொல்லி அவரிடம் அப்பா சத்தியம் வாங்கியிருந்தாராம். சித்தப்பா சத்தியத்தையும் காப்பாற்ற வேண்டும், அம்மாவையும் காப்பாற்ற வேண்டும் என்று பார்த்திருக்கிறார். முறுக்கு சுடுகிறவளுக்குச் சாராள் கதை இன்னொரு ஞாயிற்றுக்கிழமைக் கதைதானே என்று அவருக்குத் தோன்றவில்லை.

இப்போது அவர்மேல் எனக்குப் பாவமாகவும் இருக்கிறது, கோபம் அதைவிட அதிகமாக இருக்கிறது. சத்தியத்தை மீறியிருந்தால் ஆண்டவர் மன்னித்திருப்பார். அம்மா ரயிலுக்குக் குறுக்கே படுத்தாவது அண்ணனை நிறுத்தியிருப்பாள்.